பிறஷுக்கு எண்ணெய் முழுக்கு

ஐம்பத்தெட்டு வயதுவரை குளியல் சவர்க்காரத்தைக் கையில் தேய்த்து, அந்த நுரையை முகத்தில் அப்பித்தான் சவரம் செய்தேன். முகம் ஒன்றும் கழன்று விழவில்லை. போன கோடையில், விட்பி என்ற ஊரில் குடியிருக்கும் மகன் என் பிறந்தநாளுக்கு ஒரு சவர பிறஷ் கொண்டுவந்தான். பாட்ஜர் என்ற ஏதோ காட்டுப் பிராணியின் மயிராம். "இதைப் பாவியுங்கோ அப்பா, சும்மா வைச்சிராதேங்கோ, ப்ளீஸ்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு தீபாவளிக்குத்தான் வருவதாக இருந்தான்.

பிறஷோடு ஒரு தாளும் வந்தது. கொதிநீர் கூடாது, இளஞ்சூடுதான். அலச வேண்டும், உதற வேண்டும், மயிர் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். மாதம் ஒருமுறை ஷாம்பு. அடேயப்பா! முப்பது வருஷம் தொழிற்சாலையில் நின்றே தேய்ந்த எனக்கு இந்த நாட்டில் ஒருவரும் இப்படிப் பராமரிப்புத் தாள் எழுதித் தரவில்லை.

ஆனாலும் சொன்னபடி எல்லாம் செய்தேன். குளிர் தொடங்கியதும் பிறஷின் மயிர் வறண்டு சொரசொரத்தது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது என் மூளை வேலை செய்தது. மயிர் என்றால் எல்லாம் மயிர்தானே? அதற்கும் ஒரு கை எண்ணெய் வைத்து, அடிவரை ஊறத் தேய்த்துவிட்டேன்.

வாசலில் நின்று பார்த்த மனைவி, "அப்பிடியே சாம்பிராணிப் புகையும் பிடிச்சுவிடுங்கோவன், சளி தடிமன் வராது" என்றாள்.

அடுத்த நாள் எவ்வளவு தேய்த்தும் ஒரு சொட்டு நுரை வரவில்லை. மயிரெல்லாம் ஒட்டிப்போய் வழுக்கியது. மகன் வந்து பார்த்தால் என்ன நினைப்பான் என்று பதறிப்போனேன். அந்தப் பதற்றத்தில் தாளாவது ஒன்றாவது! சட்டி கழுவுகிற திரவத்தை ஊற்றிக் கொதிநீரில் அமுக்கினேன். எண்ணெய் போனது. கூடவே அடியில் இருந்த பசையும் போனது. மயிர் கொத்தாகக் கழன்று கையோடு வந்தது. மிஞ்சியது கைப்பிடியும் நாலு மயிரும்தான்.

தீபாவளியன்று காலையில் வந்தவன் நேரே குளியலறைக்குப் போனான். ஒளிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"எண்ணெய் வைச்சனான்" என்றேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

ஏசுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான், கண் கலங்கும்வரை சிரித்தான்.

"நான் தந்ததில நீங்கள் பழுதாக்கின முதல் சாமான் இதுதான் அப்பா. ஐ ஆம் ஸோ ஹாப்பி."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அலுமாரிக்குள் அவன் தந்த ஏழு சேட்டும் கொலரில் குத்திய கடை ஊசிகூடக் கழற்றாமல் அடுக்கியபடியே இருந்தன.