கறையில்லாத படம்

என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில், பழுப்பு உறைக்குள் ஓர் எக்ஸ்ரே படம் இருக்கிறது. ஏழு வயதுப் பெண் குழந்தையின் கால் எலும்பு. அதில் கீறல் இல்லை, கறை இல்லை.

காரைக்காலில் ஓர் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே அறை உதவியாளராக இருக்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. பெயரைக் கூப்பிடுவேன், படத்தை உறையில் போட்டுக் கொடுப்பேன். ஆனாலும் படம் கைக்கு வந்ததும் எல்லாரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னிடம்தான் கேட்பார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரிச்சிக்குடியிலிருந்து வந்த அந்தக் குழந்தையின் தாயும் கேட்டாள். குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், காலை ஊன்ற முடியவில்லை.

"அண்ணே, முறிஞ்சிருக்குங்களா?"

"எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு. ஒண்ணுமில்ல."

"வயித்துல பால வாத்தீங்க." குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "பள்ளிக்கூடம் போவாம இருக்க என்னா நடிப்புடி!"

"நெசமா வலிக்குதும்மா."

டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டப் பெரிய கூட்டம் காத்திருந்தது. அவளுக்கு வயலில் நடவு வேலை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் டாக்டரம்மா கேட்டார்: "அந்தக் காய்ச்சக்காரப் பொண்ணு எங்கப்பா? எலும்புக்குள்ள சீழ் புடிச்சிருந்தா மொத பத்து நாள் எக்ஸ்ரேயில தெரியாது. முறிவு இல்லன்னு பாக்கத்தான் அத எடுக்கச் சொன்னேன். அடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கணுமே."

சீட்டிலிருந்த எண்ணுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. நேரில் போயிருக்கலாம். போனால், என் பேச்சைக் கேட்டுத்தான் அவள் திரும்பிவிட்டாள் என்பது வெளியே வந்துவிடும். போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே வந்தாள். இந்த முறை எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. எலும்பு அரித்துப் போயிருந்தது.

"அன்னைக்கு எனக்குக் காட்டாம ஏம்மா போன?" என்று டாக்டரம்மா கத்தினார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நடவுங்க. எம்புத்திதான் கெட்டுப்போச்சு."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வெளியூரில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு கால்தான் வளராமல் குட்டையாகிவிட்டது. இப்போது அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். பஸ் நிலையத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வருவதைக் கண்டால் கடை மறைவில் ஒதுங்கிக்கொள்வேன்.

"இது இனி எதுக்குண்ணே" என்று இரண்டாம் முறை வந்தபோது தாய் விட்டுப்போன முதல் படம்தான் என்னிடம் இருப்பது. சில காலை வேளைகளில் அதை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறேன். சீழ் அங்கே இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எலும்பு வெள்ளையாக, நன்றாகத்தான் இருக்கிறது.