நாலாவது சந்தை

கருமத்தம்பட்டி வாரச் சந்தையில் பழனியாத்தாள் ஈரச் சாக்கை விரித்து மல்லித்தழையும் கறிவேப்பிலையும் விற்றாள். அந்தச் சாக்குக்கு அடியில் இன்னொரு காய்ந்த சாக்கு உண்டு. தொழுநோய் மாத்திரை அட்டைகள் அதற்குள் இருந்தன.

1994இல் அந்த அட்டைகளைக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. தொழுநோய்ப் பிரிவு ஊழியர் பாலகோபாலின் பைக் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்தத் தெருவே அந்த வீட்டைப் பார்க்கும். அதற்குப் பயந்தே பாதிப்பேர் மருந்தை நிறுத்தினார்கள். அவர் வாராவாரம் அவளிடம் தழை வாங்குகிறவர். ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்கம்மா, ஒரு விசயத்த வயித்துக்குள்ளயே வெச்சிருப்பீங்களா?"

"அங்க எடத்துக்கு என்னங்க பஞ்சம்?" என்று தன் பருத்த வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

ஓர் அட்டைக்கு இருபத்தெட்டு நாள். அட்டை தீர்வதும் நாலாவது சந்தை கூடுவதும் ஒரே நாளில் வரும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒவ்வோர் அட்டையிலும் முதல் நாள் மாத்திரைகளை நோயாளி அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். செம்பில் தண்ணீர் கொடுப்பாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள், தழைக்கட்டோடு அட்டையைப் பையில் போட்டுவிடுவாள். ஆறு பேர் அப்படி வந்துபோனார்கள்.

அவர்களில் ஒருவன் தறி ஓட்டும் அங்கப்பன். பன்னிரண்டாவது அட்டைக்கு அவன் வரவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மல்லித்தழைக்காரம்மா நீங்கதானுங்களா?"

"ஏன் அம்மணி, என்னையப் பாத்தா மாம்பழக்காரியாட்டவா இருக்குது?"

வந்தவள் சிரிக்கவில்லை. பழனியாத்தாளின் நரைத்த தலையை, நீட்டிய காலை, விழுந்துபோன முன்பல்லைப் பார்த்தாள். அப்புறம் பொத்தென்று எதிரே உட்கார்ந்தாள்.

"நான் மாசாணியம்மாளுங்க, அங்கப்பன் சம்சாரம். ரசத்துல ஒரு மல்லித்தழ கெடந்தாலும் எடுத்து ஓரமா வெச்சுப்போடுவாருங்க. அந்த மனுசன் மாசமானா ரண்டு கட்டு வாங்கிட்டு வாராரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கறதில்ல. அதான் இன்னைக்கு நானே பையப் புடுங்கிட்டு வந்துட்டேன்."

"என்ன நெனச்சுட்டு வந்தே?"

"கேக்காதீங்க."

"அம்பத்திமூணு வயசாச்சு கண்ணு. நீயாச்சும் அப்படி நெனச்சியே!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மாசாணியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"மேலெல்லாம் கறுத்துட்டே வாராருங்க. போன வாரம் சுடுதண்ணி கொட்டி வெரலு பொங்கிப்போச்சு. அவருக்குத் தெரியவேயில்ல. அந்த நோவுங்களா?"

'தெரிஞ்சா பொறந்த ஊட்டுக்குப் போயிருவாளுங்க' என்று முதல் மாதமே அங்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டிருந்தான். சொல்லமாட்டேன் என்று பழனியாத்தாளும் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் வெட்கப்பட்டு ஒரு அட்டையை விட்டவன் அடுத்ததற்கு வருவது அரிது. மருந்து நின்றால் தறியில் அறுந்த இழையை முடிச்சிடும் அந்த விரல்கள் மடங்கிப்போகும்.

"நீ கேட்டா நான் சொல்லமாட்டேன். அவரையே கேளு. திட்டாமக் கேட்டா சொல்லுவாரு. பொழுது சாயறவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்னு சொல்லு."

மதியத்திலேயே தழை தீர்ந்தது. பழனியாத்தாள் எழவில்லை. வெறும் சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சாக்கையும் வித்துப்போடலாம்னா?" என்றாள் பக்கத்தில் முட்டை விற்கும் ஆமினா பீவி.

"வெல படியல பீவி."

முட்டைக்காரியும் கூடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு அவர்கள் வந்தார்கள். மாசாணியம்மாள் முன்னால், தலை கவிழ்ந்தபடி அங்கப்பன் பின்னால். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவன் உள்ளங்கையில் பழனியாத்தாள் மாத்திரைகளை வைத்தாள். செம்புக்குக் கை நீட்டுமுன் மாசாணியம்மாளே அதை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் விழுங்கினான். இரண்டு பெண்களும் அவன் தொண்டையையே பார்த்தார்கள்.

"இன்னும் எத்தன மாசமுங்க?" என்று மாசாணியம்மாள் கேட்டாள்.

"பன்னண்டு. அடுத்த தடவ பாலகோபால் சார் இருப்பாரு. நீயும் ஒருக்கா ஒடம்பக் காமிச்சிரு."

"சரிங்க." அட்டையைத் தன் மடியில் செருகிக்கொண்டாள். "அடுத்த அட்டையில இருந்து கறிவேப்பிலையே போடுங்க. வாங்குன தழையெல்லாம் நானேதானுங்க தின்னு தீத்தேன்."