அண்ணனின் அசாதாரணத் திறமை

அந்தக் கடிதத்தின்படி நான் ஓர் உதவியாளர். பெட்டியைத் தூக்கினேன், படகில் வைத்தேன், பிடிக்கச் சொன்னபோது கயிற்றைப் பிடித்தேன். யோசனை முழுக்க என் அண்ணனுடையது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போட வைக்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில், காபி குடித்துவிட்டு நானேதான் போட்டேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் டாக்டர் பட்ட ஆராய்ச்சியின் கடைசி வருஷத்தில் இருந்தான். எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்துச் சொல்லும் ஒரு பெட்டியைச் செய்திருந்தான். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் தண்ணீருக்குள் இறக்கினால் நாலே நாளில் பல்லிளித்துவிடும். அதன் கண்ணாடியில் பாசி வழவழவென்று படிந்துவிடும். அப்புறம் அது தண்ணீரைப் பார்க்காது, பாசியைத்தான் பார்க்கும். வாரத்துக்கு இரண்டு முறை யாராவது படகில் போய்த் துடைத்துவிட்டு வரவேண்டும். அந்த யாராவது நான்தான். டிப்ளமோ முடித்துவிட்டு மணலியில் ஒரு கம்பெனி லேபில் தண்ணீர் சாம்பிள் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து, டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். அங்கே ஒரு படகுக்காரர் எனக்காகக் காத்திருப்பார். அம்மா வழியில் தூரத்து உறவு, எனக்கு மாமா முறை.

ஒருநாள் அவருடைய படகின் ஓரத்தில் ஒரு கிழிந்த நைலான் வலைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீரோட்டத்தில் அது அங்கேயும் இங்கேயும் போய் படகின் பக்கவாட்டை உரசியது. உரசிய இடத்தில் மட்டும் பாசி இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா பாப்பா அப்பிடிப் பாக்குற?” என்றார் மாமா.

“மாமா, அந்த வலைல ஒரு முழம் அறுத்துக் குடு.”

கொடுத்தார். பெட்டியின் மேல் சட்டத்தில் அதைக் கட்டி, நுனியில் ஓர் ஈயக்குண்டைக் கோத்து இறக்கினேன். கடல் ஓதம் ஏறும்போது ஒரு பக்கமாகத் துடைக்கும், வடியும்போது மறுபக்கமாகத் துடைக்கும். முதல் முடிச்சு சிக்கிக்கொண்டது, இரண்டாவது அவிழ்ந்து போனது, நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கடைசியில் ஐந்தாவது வாரம் சரிவந்தது. அதன்பிறகு ஒரு மாதம் யாரும் துடைக்கப் போகவில்லை. கண்ணாடி சுத்தமாகவே இருந்தது. நானாக யோசித்துச் செய்த காரியம் என்று என் வாழ்க்கையில் ஒன்று இருக்குமானால், அந்த ஒரு முழ வலைதான். வேறு எதுவும் கிடையாது.

அண்ணன் அன்றைக்குச் சந்தோஷத்தில் தெருவையே கூட்டிவிட்டான். கட்டுரை வந்தபோது அதில் இரண்டு பெயர்கள். முதலில் அவன், அடுத்தது நான். அதை வைத்து அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. போனான். கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. எல்லோரையும் போல வேலை விசாதான். அதைப் பற்றி அவன் போனில் புலம்பிப் புலம்பி எனக்குக் காது புளித்துவிட்டது. கம்பெனி கையை விரித்தால் அறுபது நாளைக்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் நிற்கும் வரிசை நகர்வதற்குள் மகளுக்கே கல்யாண வயது வந்துவிடும் என்பான். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்று ஐந்து வருஷம் வரவே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன எங்கள் நைனாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோதும் போனில்தான் அழுதான்.

அப்புறம்தான் இந்த அசாதாரணத் திறமை வந்து சேர்ந்தது. கிரீன் கார்டில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதாம். தன் துறையில் உச்சத்தில் இருப்பவன் என்று நிரூபித்தால் போதும். கம்பெனியின் தயவு வேண்டாம், தானே மனுப் போடலாம், வரிசையும் சின்னது.

“அசாதாரணம்னா இன்னாடா?” என்று அம்மா வீடியோவில் கேட்டாள்.

“யார்கிட்டயும் இல்லாத திறமைம்மா.”

“அது உன்கிட்ட கீதா?”

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அந்த மனுவை வைத்து எங்கள் வீட்டில் சிரித்தது அதுதான் கடைசி.

எங்கள் தெருவில் ஒருவன் தன்னைப் பற்றிப் பெருமையாக இரண்டு வார்த்தை பேசினாலே, “ரொம்ப சீன் போடாத மாமு” என்று உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணன் நூற்றுக்கணக்கான பக்கத்துக்குச் சீன் போட வேண்டியிருந்தது. அவன் முகத்தையே பார்த்திராத பேராசிரியர்கள் அவனைப் புகழ்ந்து கடிதம் தர வேண்டும். அதிலும் வேடிக்கை, கடிதத்தை வக்கீல் அலுவலகத்திலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். புகழ்கிறவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரையின் இரண்டாவது பெயர்தான் வக்கீலின் கண்ணை உறுத்தியது. மூலயோசனை யாருடையது என்று அதிகாரி கேட்டால் என்ன செய்வது? ஆகவே யோசனை முழுக்க அவனுடையதுதான் என்று தங்கையிடமிருந்தும் ஒரு கடிதம் வேண்டும்.

அண்ணன் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் வந்தாள். அவள் காசிமேட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். “காய்ச்சல்னு வூட்டுல படுத்துகினு கீறவனுக்கும் படகுல பங்கு வைப்பாங்கடி. நம்ம ஆளுங்க என்னிக்கும் அப்பிடித்தான். இவன் உன் கூடப் பொறந்தவன்” என்றாள். பிறகு, “உனக்கு இன்னாத்துக்கு அது? நீ எங்க போகப்போற?” என்றும் சொன்னாள். இரண்டாவது வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. ஆனால் நான் முதல் வார்த்தைக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். யார் வலையில் விழுந்தால் என்ன, பங்கு எல்லோருக்கும் என்ற புத்தியில் ஊறியவள் நான். மீனைப் பங்கு வைத்தால் மறுநாள் கடலில் வேறு மீன் இருக்கும். இது அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று இரவு அண்ணன் கூப்பிட்டு, “நீதான்னு எனக்குத் தெரியும். இது சும்மா பேப்பருக்குத்தான்” என்றான்.

மனு தேறியது. அதனால் வந்த நல்லதை நான் மறைக்க மாட்டேன். அடுத்த வருஷமே கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பியது. பழைய விசாவாக இருந்தால் குழந்தையைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருப்பான். கிரீன் கார்டு இருந்ததால் நிதானமாக நாலு மாதம் தேடி, முன்னைவிட நல்ல வேலையில் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கும் வந்தான். நைனா பேத்தியை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தார். ஆபரேஷன் ஆன மனிதர், அன்று மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். என் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா என்று எனக்கே நெஞ்சு நிறைந்துபோனது.

அதே விடுமுறையில் ஒரு மத்தியானம். அம்மா வஞ்சிரம் வறுத்திருந்தாள். அண்ணன் மகளுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டே கதை சொன்னான்: “அப்பா ஒருநாள் படகுல குந்திகினு இருந்தேனா, பக்கத்துல ஒரு வலை ஆடிகினே இருந்திச்சு. அதைப் பாத்ததும் டக்குனு தோணிச்சு...” நான் நிமிர்ந்து பார்த்தேன். பொய் சொல்லும்போது அண்ணன் காது மடலைத் தேய்ப்பான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், அதை வைத்தே எத்தனையோ தடவை மாட்டிவிட்டிருக்கிறேன். அன்று அவன் கை தட்டைவிட்டு நகரவில்லை. அந்த மனுவை எத்தனை தடவை படித்தானோ, எத்தனை பேருக்கு அதையே சொன்னானோ, அவனுக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த விசாவின் கெடுதல் என்னவென்று யாராவது என்னைக் கேட்டால், அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன். அம்மா எனக்கு இன்னொரு துண்டு வைத்தாள். சாப்பிட முடியவில்லை.

போன வருஷம் எனக்கும் ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. குளிர் நாடு ஒன்றில் கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. பெரிய படிப்பு கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: நீங்களாகவே யோசித்துத் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக யாரோ என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா பார் என்று அண்ணனுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது என் மனதில் கடிதம் கிடிதம் எதுவும் இல்லை. அவ்வளவு முட்டாள் நான்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. “இதைப் போடாதம்மா. நீ கையெழுத்துப் போட்டதுக்கு நேர் எதிரா கீது. யாராவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, நான் ஏமாத்தினேன்னு ஆயிடும். கார்டையே புடுங்கிடுவாங்க.”

“எவ்ளோ நாளைக்குப் போடக்கூடாது?”

“சிட்டிசன் ஆகிற வரைக்கும்...” என்றான். “அதுக்கப்புறமும் ரிஸ்க்குதான்.”

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். பின்னால் அவன் மகள் பியானோ பழகும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தை அழித்தேன். அந்த இடத்தில், லேபில் சாம்பிள் பாட்டில்களை வரிசைப்படுத்த நான் போட்ட ஒரு ஏற்பாட்டைப் பற்றி ஏதோ எழுதி அனுப்பினேன். விண்ணப்பித்ததற்கு நன்றி, உங்கள் சொந்தப் பங்களிப்பு தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான்.

மூன்று மாதம் முன்பு, எண்ணூர் கழிமுகத்தில் அந்த மாதிரிப் பெட்டிகளை நிறையத் தொங்கவிடப் போகிறார்கள் என்று மீனவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. சாம்பிள் பார்ப்பது எங்கள் லேப் என்பதால் கம்பெனி என்னை அனுப்பியது. மீன் ஏலக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். என் பக்கத்தில் மாமா. தலை முழுக்க நரைத்திருந்தது. இளவயது அதிகாரி ஒருவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். சட்டத்தில் ஒரு முழ வலை தொங்கியது, நுனியில் குண்டு. “இதை அமெரிக்கால இருக்கிற நம்ம ஊர் சயின்டிஸ்ட் ஒருத்தர் கண்டுபிடிச்சாரு” என்றார்.

மாமா எழுந்துவிட்டார். “இன்னா சார் நீ, அமெரிக்கா கிமெரிக்கான்றே. இதோ குந்திகினு கீதே, இந்தப் பொண்ணு கட்டுனது சார் அது! என் வலைய நான்தான் அறுத்துக் குடுத்தேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பியானோ சத்தம்தான் காதில் கேட்டது.

“இல்ல சார். அது எங்க அண்ணனோட யோசனை. நான் கூடமாட உதவி செஞ்சேன், அவ்ளோதான்.”

“இன்னாம்மா சொல்ற?” என்றார் மாமா.

“ஆமா மாமா. உனக்கு சரியா ஞாபகம் இல்ல.”

எங்கள் ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்த புனிதர், தன் குருவையே தெரியாது என்று சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை மறுத்தவர். அவராவது அப்புறம் வெளியே போய் அழுதார். எனக்கு அங்கே எழுந்து போகவும் வழியில்லை. மாமா உட்கார்ந்து, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, “வயசாச்சில்ல” என்று தனக்குத்தானே சொன்னார். அவர் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கூடத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்து வலை கட்டும் பயிற்சி. ஆளாளுக்கு ஒரு பெட்டியும் பயிற்சிப் புத்தகமும் கொடுத்தார்கள். புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துக் கட்டியவர்களுக்கெல்லாம் முடிச்சு சிக்கியது. என் கை படத்தைப் பார்க்கவில்லை. அதுபாட்டுக்குக் கட்டிவிட்டது, ஐந்தாவது வாரத்து முடிச்சை. அதிகாரி வந்து குண்டைச் சுண்டிப் பார்த்தார். வலை கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பியது.

“பரவாயில்லையே மேடம்” என்றார். “ஒரு தடவை பார்த்ததுமே கத்துக்கிட்டீங்களே!”

மாமா என்னைப் பார்க்காமல், கூடத்துக்கு வெளியே தெரிந்த கழிமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேங்க்ஸ் சார்” என்றேன்.