கணேசமூர்த்தி போட மறுத்த கையெழுத்து

மலேசியாவில் லிங்கிக்கு உள்ளே இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் கணேசமூர்த்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் துணைத் தலைவர். பள்ளிக் கூரை ஒழுகியபோது சிரம்பானில் ஒரு கடைக்காரரிடம் பேசி இலவசமாகத் தகடு வாங்கிவந்து, தானே மேலே ஏறி ஆணி அடித்தார். போட்டி விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்கு வேன் ஏற்பாடு செய்வதும் அவர்தான், வெயிலில் நின்று கைதட்டுவதும் அவர்தான். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைக் கேட்டு அவரைக் கெட்டவர் என்று யாராவது முடிவுகட்டிவிடக் கூடும்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். கொடுப்பதை நாலு பேர் பார்க்கக் கொடுப்பார். 2023 தீபாவளிக்கு முந்தின வாரம் பள்ளித் திடலில் கூடாரம் போட்டு, ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், மாவு, பால்மாவு எல்லாம் கூடையில் கட்டி வைத்தார்கள். கணேசமூர்த்தி வெள்ளைச் சட்டையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம், நடுவில் கூடை. படம் எடுத்த பிறகுதான் கூடை கைமாறும்.

பஞ்சாலை என்ற பெண்ணின் முறை வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு பள்ளிக் கேன்டீனில் தட்டு கழுவி ஒரே மகனை வளர்த்துவந்தவள். கூடையில் கை வைத்தவள் படத்தில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பஞ்சால, முகத்த இந்தப் பக்கம் காட்டு லா. திருடிட்டா போற?" என்றார் கணேசமூர்த்தி மைக்கிலேயே. கூடாரம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரிப்பது போல ஒன்றைச் செய்தாள். படம் நன்றாக விழுந்தது. அன்று மாலையே முகநூலில் போட்டார்.

அதே வருடம்தான் இன்னொன்றும் நடந்தது. அப்போது அது ஒரு விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. மகள் லோஷினியை லோரியில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும்போது யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவசச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு. பள்ளியில் அதை ஆர்எம்டி என்பார்கள். அந்த வருடம் பட்டியல் நீண்டுவிட்டதாம். "சோறு போட முடியாதவன்லாம் எதுக்கு லா புள்ள பெத்துக்கிறான்?" என்றார். ஏழு வயது லோஷினி பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம், குலை இறக்கும் இடத்தில் லோரியின் பின்கதவு கொக்கி கழன்று அவர் வலது பாதத்தின் மேல் விழுந்தது. போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுத்தார்கள். பாதத்துக்குள் தகடு வைத்தார்கள். பிரேக்கை மிதிக்கும் பலம் அந்தக் காலுக்குத் திரும்பவில்லை. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் நஷ்டஈடு கிடைக்கும் என்று நம்பியிருந்தார். போய் விசாரித்தபோதுதான், அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் சந்தாவே கட்டவில்லை என்று தெரிந்தது. அந்த ஆள் இரண்டு முறை போன் எடுத்தார், மூன்றாம் முறை எடுக்கவில்லை.

மனைவி ரோகினி போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை துடைக்கப் போனாள். மோட்டார் சைக்கிளை அவள்தான் ஓட்டினாள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் கணேசமூர்த்தி அவள் பின்னால் உட்கார்ந்து போவார். தோட்டத்து வாசலைத் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொள்வார்.

மறு வருடம் பிப்ரவரியில் பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில் லோஷினி ஒரு பாரம் கொண்டுவந்தாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை விமலா கொடுத்தனுப்பியது. ஆர்எம்டி விண்ணப்பம். குடும்ப வருமானம், அப்பாவின் தொழில், கீழே கையெழுத்து.

கணேசமூர்த்தி அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து டிவிக்கு அடியில் சொருகினார்.

"டீச்சர் அவங்களாத்தான் யோசிச்சு அனுப்பியிருக்காங்க," என்றாள் ரோகினி. "ஒரு கையெழுத்துதானே?"

"அந்தப் பட்டியல நான்தான் மீட்டிங்குல படிப்பேன். எம்மக பேர நானே படிக்கணுமா?"

"அப்ப நான் போடவா?"

"நான் இன்னும் சாகல, ரோகினி."

அவள் பாரத்தை விட்டுவிட்டாள். வேறொன்று செய்தாள். அடையாளக் கார்டில் அரசாங்கம் மாதாமாதம் போட்டுவிடும் மளிகைச் சாமான் உதவித்தொகை அவள் பெயருக்கு வந்திருந்தது. லிங்கிக் கடையில் அந்தக் கார்டை நீட்டினால் சாயங்காலத்துக்குள் தோட்டமே பேசும் என்று அவளுக்கும் பயம். வேலை இல்லாத நாளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் மம்பாவ் வரை போய், முகம் தெரியாத ஒரு கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்கிவந்தாள். புருஷன் எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

லோஷினிக்குத் தினமும் கைச்செலவுக்குக் காசு கொடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். முதலில் கொடுத்தார். பிறகு சில நாள் இல்லை, பிஸ்கட் பொட்டலம் போயிற்று. பிறகு பிஸ்கட்டும் சில நாள் இல்லை. "பசிக்கலப்பா, காலையில சாப்பிட்டதே இருக்கு," என்பாள் அவள். அதை அவர் நம்பினார். நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது என்பதைப் பின்னால் அவரே சொன்னார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை விமலா டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுமா? லோஷினிக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. நேர்ல பேசணும்."

ரோகினி வேலைக்குப் போயிருந்தாள். ஊன்றுகோலோடு செம்மண் பாதையில் நடந்தே போனார். ஆசிரியர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். விமலா டீச்சர் மேசைக்குப் பின்னால். சுவரோரமாக லோஷினி. கதவுக்குப் பக்கத்தில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பஞ்சாலை.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். லோஷினி ஓய்வு நேரத்தில் கேன்டீனுக்கே வருவதில்லையாம். பின்பக்கக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாளாம். தட்டு கழுவும் பஞ்சாலை அதைப் பார்த்திருக்கிறாள். பட்டியலில் உள்ள பிள்ளை யாராவது பள்ளிக்கு வராத நாளில், மிச்சமாகும் அந்தத் தட்டை லோஷினிக்குக் கொடுத்திருக்கிறாள். எல்லோரும் வந்துவிட்ட நாளில் தனக்குக் கொடுக்கும் மீகூன் சேமியாவில் பாதியை. மூன்று வாரமாக இப்படி. நேற்று கேன்டீன் எடுத்து நடத்தும் அம்மாள் பார்த்துவிட்டார். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கச் சாப்பாட்டைக் கொடுத்தது திருட்டு என்றும், இந்த வாரத்துக்குப் பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

"லோஷினி பேரு பட்டியல்ல ஏறிட்டா நான் அவங்ககிட்டப் பேசிச் சமாளிச்சிருவேன். பாரம் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சுண்ணே," என்றார் டீச்சர்.

கணேசமூர்த்தி மகளைப் பார்த்தார். "ஏம்மா பசிக்குதுன்னு அப்பாகிட்டச் சொல்லல?"

லோஷினி காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அருகில் கூப்பிட்டுத் தோளில் கைவைத்த பிறகு, டீச்சரிடம்தான் பதில் சொன்னாள், அப்பாவிடம் இல்லை.

"சோறு போட முடியாதவங்க புள்ளைங்கதான் அந்த மேசையில உக்காருவாங்க. அப்பா சொல்லியிருக்காங்க. நான் உக்காந்தா அப்பாவச் சொல்லுவாங்கல்ல, டீச்சர்?"

மேசை மின்விசிறி தலையைத் திருப்பித் திருப்பி எல்லோர் மேலும் காற்றடித்தது. பஞ்சாலை வெளியே திடலைப் பார்த்தாள். கணேசமூர்த்தி ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். எப்போது, யாரிடம் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. ஒரு தடவையா, பல தடவையா என்பதும் தெரியவில்லை. சொல்லியிருப்பார் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"வேற பாரம் இருக்கா டீச்சர்?" என்றார்.

மலாயில் அச்சடித்த பாரம். பெயர், முகவரி, பிள்ளைகள் எத்தனை. தொழில் என்ற இடத்தில் கை தானாக லோரி ஓட்டுநர் என்று எழுதியது. டீச்சர் தயங்கி, "இப்ப வேலை இல்லன்னு போடணும்ண்ணே," என்றார். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் திடாக் பெக்கெர்ஜா என்று எழுதினார். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போயின. கையெழுத்துப் போட்டார். எத்தனையோ நன்றிக் கடிதங்களில், பரிசுச் சான்றிதழ்களில் போட்ட அதே வளைவான கையெழுத்து.

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. கேன்டீனின் பின்பக்கம் போனார். பஞ்சாலை திரும்பவும் தட்டு கழுவத் தொடங்கியிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். நடந்து வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது.

"பஞ்சால, இத யார்கிட்டயும் சொல்லிராத."

அவள் குழாயை மூடினாள்.

"நான் எதுக்குண்ணே சொல்றேன்? சொல்ற ஆளா இருந்தா மூணு வாரமா சொல்லியிருக்க மாட்டனா?"

"இல்ல, அது..."

"எம்பையன் அஞ்சாம் வகுப்புலேர்ந்து ஆர்எம்டி சாப்பாடு சாப்பிடல. தெரியுமா உங்களுக்கு? நீங்க போட்ட படத்த கிளாஸ்ல யாரோ போன்ல காட்டியிருக்காங்க. உங்கம்மாதான் இதுன்னு. அன்னிக்கு வந்து பட்டியல்லேர்ந்து பேர எடுன்னான். நான் இங்க தட்டு கழுவுறேன், அவன் அங்க திடல்ல பட்டினியா உக்காந்திருப்பான். ஆறாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அப்படித்தான்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவரால் நிற்க முடியவில்லை. "ஒங்க மக அந்தக் குழாயடியில உக்காந்தப்ப எனக்கு எம்பையனாட்டம்தான் இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. போங்கண்ணே, கால் வீங்கியிருக்கு பாருங்க."

மன்னிப்பு அன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படத்தை முகநூலிலிருந்து எடுத்தார். அறுபத்து மூன்று பேர் அதை விரும்பியிருந்தார்கள். எடுத்த பிறகுதான், ஒன்றரை வருடம் கழித்து எடுத்து என்ன ஆகப்போகிறது என்று உறைத்தது. இரவு ரோகினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான் பஞ்சாலையிடம் கேட்டது என்ன என்பதையும் சொன்னார். அவள் நெடுநேரம் அழுதாள். மகளுக்காகவா, அவருக்காகவா என்று அவர் கேட்கவில்லை.

பஞ்சாலையின் வேலை தப்பியது. விமலா டீச்சர் பேசி முடித்தார். கணேசமூர்த்தி அந்த மாதமே துணைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். கால் சரியில்லை என்று காரணம் எழுதினார். பிள்ளைகள் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், மைக்கில் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து சொல்லாமலே வந்துவிட்டார். அந்த வெட்கம் தனி.

ஒரு நாள் லோஷினி மறந்து வைத்துவிட்டுப் போன புத்தகத்தைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனபோது ஓய்வு நேரம். இலவசச் சாப்பாட்டு மேசையில் கடைசி ஆளாக, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையை மட்டும் தனியே ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றாள். அவர் புத்தகத்தை வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

செப்டம்பரில் போர்ட்டிக்சனில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் லோரிக்குப் பாதிகூட வராது. உதவி தொடர்ந்தது. மாதம் ஒருமுறை ரோகினி மம்பாவ் போவதும் தொடர்ந்தது. ஒரு ஞாயிறு, கேட்காமலே மோட்டாரில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கடைக்குள் அவர் வெளிச்சம் குறைந்த பக்கமாகவே நடந்தார். பணம் கட்டும் இடத்தில் ரோகினி கார்டைக் கொடுத்தாள். மலாய்க்காரப் பெண் ஒவ்வொரு பொருளாகத் தட்டிப் பார்த்து, லோஷினிக்காக அவர் எடுத்துப் போட்டிருந்த சாக்லெட் டப்பாவைத் தனியே வைத்தாள். இது உதவியில் வராது, காசு கொடுத்தால் தருகிறேன் என்று மலாயில் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள், வேண்டுமென்று இல்லை. பின்னால் நான்கு பேர் நின்றார்கள். கணேசமூர்த்தி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

வாசலில் சுகுமாறன் எதிர்ப்பட்டார். முன்பு ஒரே ஆலைக்கு லோரி ஓட்டியவர்.

"என்ன லா கணேசா, மம்பாவ் வரைக்கும்?"

"இங்க ரோகினியோட சொந்தக்காரங்க வீடு. அப்படியே சாமான் வாங்கிட்டுப் போலாம்னு."

ரோகினி அரிசி மூட்டையை மோட்டாரின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. வண்டியைக் கிளப்பினாள். வழியில் ரந்தாவ் ஊரைத் தாண்டினார்கள். பிறகு அவள் முகத்தைப் பாதி திருப்பி, காற்றுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னாள்.

"அடுத்த மாசம் நான் மட்டும் போய்க்கிறேன். நீங்க கஷ்டப்படாதீங்க."

"இல்ல. நானும் வர்றேன்."

அடுத்த மாதமும் போனார். அன்று கடையில் தெரிந்தவர் யாரும் இல்லை. கார்டை அவர்தான் நீட்டினார்.