முகூர்த்தமில்லாத மாதம்

நான் காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் கால் முந்தி வந்து என்னைப் பெற்றவளைப் பாடாய்ப் படுத்தினேனாம். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு மவுசு உண்டு. இடுப்புப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு என்றால் விடிந்ததும் வெறும் வயிற்றோடு எங்களைத் தேடி வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். வலது காலால் மூன்று மிதி மிதிக்க வேண்டும். இப்படி மூன்று நாள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. அல்லிநகரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என் காலுக்கு ராசி அதிகம் என்று பெயர். மூட்டை தூக்குகிறவர், டீ மாஸ்டர், பேங்கில் வேலை பார்க்கிற அம்மா வரைக்கும் என் காலுக்குக் கீழே படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது குளிக்கும்போது அந்தக் காலைத் தேய்க்கவே அருவருப்பாக இருக்கிறது. என் மகளுக்குப் பதினோரு வயது. அவள் முதுகெலும்பில் விரிசல் விழுந்திருக்கிறது. ஒட்டுமா ஒட்டாதா என்று இன்னும் தெரியாது. அந்த விரிசலில் இந்தக் காலுக்கும் பங்கு உண்டு.

ஏழு வயதில் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் அவள் கையை ஊன்றிக் கரணம் அடித்தாள். அடுத்த வாரமே ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டர் வீடு தேடி வந்துவிட்டார்.

"அக்கா, பிள்ளைக்கு ரப்பர் ஒடம்பு. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டி வைக்காதீக. எங்கிட்ட விடுங்க, ஸ்டேட்டுல நிக்க வைக்கிறேன். பெறகு காலேஜ் சீட்டு தன்னால வரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். "எனக்கென்ன தெரியும், நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது சொல்கிறேன்.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மண்டபத்துக்காரர் மாஸ்டருக்கு மாமன் முறை. டைல்ஸ் தரைமேல் இரண்டு விரல் கனத்தில் நைந்துபோன ரப்பர் மேட்டு விரிப்புகளைப் போட்டிருப்பார்கள். நேற்றைய சாம்பாரும் இன்றைய பினாயிலும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். காலையில் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று மணி நேரம். ஞாயிறு, பண்டிகை, பரீட்சை, காய்ச்சல் எதற்கும் விடுப்பு கிடையாது. மண்டபத்தில் கல்யாணம் நடந்தால் மட்டும் பயிற்சி இல்லை. ஊரில் யாருக்காவது தாலி கட்டினால்தான் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு.

என் மகள் தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து முகூர்த்த நாள்களை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பாள். "அம்மா, வைகாசியில நெறைய இருக்கு. ஒரு வாரத்துல மூணு வருது" என்பாள், முகமெல்லாம் பல்லாக. பக்கத்து வீட்டு மதினி இதைக் கேட்டுவிட்டு, "என்னத்தா, முகூர்த்தமா பாக்குற? மாப்பிள்ள ரெடியா?" என்று கிண்டல் பண்ணும். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிள்ளை எதற்காக முகூர்த்தத்தைத் தேடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. யோசிக்க முடியாத மடச்சி இல்லை நான். யோசித்தால் மெடல் கையை விட்டுப் போய்விடுமே, அதனால் யோசிக்கவில்லை.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டிக்கான உடுப்பு தைத்துக் கொடுத்தது நான்தான். உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற பளபளப்புத் துணி என்பதால் அளவு துல்லியமாக எடுக்க வேண்டும். அளவெடுக்கும்போது ஒரு பிள்ளையின் உடம்பு எதையும் மறைக்க முடியாது. ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கி டேப் சுற்றியிருக்கும். ஒருத்தி முழங்காலை மடக்கச் சொன்னால் உதட்டைக் கடிப்பாள். பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்திக்கு இரண்டு வருசமாக இடுப்பளவும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். "நல்லதுதானக்கா. வளந்தா வெயிட்டு கூடிரும். ராத்திரிச் சோத்தை நிப்பாட்டச் சொல்லியிருக்கேன்" என்றார், ஏதோ செடிக்குத் தண்ணீர் நிறுத்தியதைச் சொல்வதுபோல. நான் அளவு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த அம்மாவும் என்னை மாதிரியே காதில் வாங்காமல்தான் விட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

தாய்மார்கள் நாங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பிள்ளைகளை இரண்டு பக்கமும் கால் விரித்து உட்காரவைத்து, மாஸ்டர் பின்னாலிருந்து தோளைப் பிடித்து அமுக்குவார். அமுக்கியபடியே நூறு வரை எண்ணச் சொல்வார். நாற்பதுக்கு மேல் எண்ணும்போது பிள்ளைகளின் குரல் உடைந்துவிடும். அழுதால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நாங்கள் அதை போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்போம். ஒரு நாள் ஆறு வயதுப் பிள்ளை வலி தாங்காமல் அப்படியே ஒன்றுக்குப் போய்விட்டது. "ஏத்தா, மேட்டு நாறிப்போகும்ல" என்று அதன் அம்மா அதட்ட, நாங்கள் வரிசையாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது. அந்த வீடியோ இன்னும் என் போனில் கிடக்கிறது. போட்டுப் பார்த்தால் என் பல்லை நானே தட்டிவிடலாம் போல வருகிறது. தூ.

இந்த வருசம் ஆடி பிறந்தது. ஆடியில் எவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபம் மாதம் முழுக்கக் காலி. ஆவணி முதல் வாரத்தில் மதுரையில் தேர்வுப் போட்டி; அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாஸ்டருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "இந்த ஒரு மாசம்தான்க்கா நமக்கு முழுசாக் கெடைக்கிறது" என்று நேரத்தைக் கூட்டினார். என் மகள் பின்பக்கமாக வளைந்து கையை ஊன்றிக் காலைச் சுழற்றி எழுந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை. அவள் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பார்த்து என்ன செய்ய, ஒரு தாளிலும் முகூர்த்தம் இல்லை.

ஆடி பாதியில் ஒரு காலை, தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "அம்மா, இடுப்புல ஒரு எடத்துல மட்டும் குத்துது."

"எங்கன?"

கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு விரலால் சரியாக ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "பின்னால வளையிறப்ப மட்டும்தாம்மா."

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. "பிடிப்புதான்க்கா. ஒங்க கால்லயே வைத்தியம் இருக்குன்னு ஊரே சொல்லுது. நீங்க போயி எங்கிட்டக் கேக்குறீகளே" என்று சிரித்தார். எனக்கு அது புகழ்ச்சியாகப் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்து நாள் ஓய்வு என்று எழுதிவிடுவார்களே என்ற பயமும் உள்ளே இருந்தது. எதை முதலில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

மறுநாள் விடியக்காலை அவளைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவரை மிதித்த அதே காலைத் தூக்கி, அவள் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் வைத்தேன். மூன்று மிதி. அவள் சத்தம் போடவில்லை. இரண்டாவது நாளும் மிதித்தேன். மூன்றாவது நாள் மிதித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "சரியாயிருச்சும்மா" என்றாள். நான் அதைத் தெருவெல்லாம் சொன்னேன். மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் மற்ற தாய்மாரைக் கூப்பிட்டு, "பாருங்க, அக்கா கால் பட்டதும் பிள்ள வில்லா வளையிது" என்றார். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மதுரையில் அவள் இரண்டாவது இடம் வாங்கினாள். மெடலைக் கழுத்தில் போட்டபோது சிரித்தாள். போட்டி நடந்த அரங்கத்துக்கு வெளியே வந்து செருப்பு மாட்டக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "அம்மா, என்னத் தொடாத" என்றாள். மாஸ்டர் தன் போனில் மெடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். "மாத்திரை குடுங்க, நாளைக்குச் சரியாப் போயிரும். ஸ்டேட்டுக்கு இருபது நாள்தான் இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே.

தேனியில் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுத்துப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "இது ஒரு நாள்ல விழுந்து ஒடஞ்சதில்லம்மா. வளர்ற எலும்பு. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா இரும்புக் கம்பியே அத்துப்போகும். வலின்னு சொன்ன அன்னைக்கே நிப்பாட்டியிருந்தா ஒட்டியிருக்கும். இப்ப கொஞ்சம் வெலகியிருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நடுவுல யாருகிட்டயாவது மிதிக்கிறது, எண்ண தேச்சு வழிக்கிறதுன்னு கூட்டிட்டுப் போனீகளா?" என்று கேட்டார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர்" என்றாள்.

பதினோரு வயதுப் பிள்ளை தன் அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறது. நாற்பது வயது அம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தப் பொய்க்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பெல்ட். ஆறு மாதம் குனியக் கூடாது, ஓடக் கூடாது. மாஸ்டர் ஒரு தடவை ஆப்பிள் பழத்தோடு வந்தார். வாசலிலேயே நின்று, "மத்த பிள்ளைகளோட வீட்டுல எதும் சொல்லிறாதீகக்கா, பயந்துருவாக" என்றார். பழத்தை அவர் கையிலேயே திருப்பித் திணித்தேன். "இந்தப் பக்கம் வந்தீகன்னா செருப்பு பிஞ்சிரும்" என்றேன். அதைச் சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆறியதும் அந்த ஆறுதல்மேலேயே அருவருப்பு வந்தது. திட்டுவதற்கு அவர் கிடைத்தார். என்னை யார் திட்டுவது? என் மகளோ என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் காலையில் கதவைத் தட்டினார்கள். எங்களோடு நாற்காலி வரிசையில் உட்காரும் ஓர் அம்மா. பக்கத்தில் அதன் மகள், ஒன்பது வயதிருக்கும், என் மகளின் இடத்தில் இப்போது பயிற்சி எடுப்பவள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. வெறும் வயித்தோட கூட்டியாந்திருக்கேன். இவளுக்கு இடுப்புல பிடிப்பு. ஒரு மூணு நாளு மிதிச்சு விட்டீகன்னா..."

பெல்ட்டுப் போட்ட என் மகளைப் பார்த்துக்கொண்டேதான் அந்த அம்மா இதைக் கேட்டது. கோபத்தில் கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் என் மகள் சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து வந்து அந்தப் பிள்ளையின் முன்னால் நின்றாள்.

"எங்கன வலிக்குது? ஒரு வெரல்ல தொட்டுக் காட்டு."

அந்தப் பிள்ளை கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சரியாக ஓர் இடத்தைத் தொட்டது.

"சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்லாத" என்றாள் என் மகள். "நான் அப்படித்தான் சொன்னேன். மூணாவது நாளு எங்கம்மா மிதிச்சப்ப கத்தீருவேன்னு பாயக் கடிச்சுக்கிட்டேன். சரியாயிருச்சுன்னு சொன்னாத்தான் மிதிக்கிறத நிப்பாட்டுவாகன்னு சொன்னேன்."

அந்த அம்மாவைப் பிடித்துக் கெஞ்சினேன். டாக்டரிடம் கூட்டிப் போ, நானே வருகிறேன், ஸ்கேன் படத்தைக் காட்டுகிறேன், ஒரு மாதம் நிறுத்தினால் ஒட்டிவிடும் என்றேன். அந்த அம்மா என் கையை எடுத்துவிட்டது. "ஒங்க பிள்ளைக்கு ஆகிப்போச்சுன்னு எம்பிள்ளைக்கும் அப்படியே ஆகும்னு சொல்லாதீக மதினி. மனசில்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. பொட்டிப்புரத்துல ஒருத்தர் காலாப் பெறந்தவரு இருக்காராம், அங்கன போயிக்கிறோம்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை தெருமுனை திரும்பும் வரை எங்களையே பார்த்துக்கொண்டு போனது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். என் மகள் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது தாளைத் தூக்கி, அடுத்த தாளைத் தூக்கி, அதற்கடுத்ததையும் தூக்கிப் பார்த்தாள்.

"இது மார்கழிம்மா" என்றாள். "மாசம் முழுக்க அவளுக்கு ஒரு முகூர்த்தங்கூட இல்ல."