பேசாமல் பிடித்த கயிறு

மரம் வெட்டப் போகிறவருக்கு ஊரார் வைத்த பெயர் அணில். அவர் மனைவிக்கு அவ்வளவு அழகான பெயர் வாய்க்கவில்லை. கயிற்றக்கா என்று கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் மேலே, அவள் கீழே. உங்கள் வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று யாராவது வாயைக் கிளறினால், "அவர் உயரத்துல இருக்கார், கயிறு என்கிட்ட இருக்கு" என்பாள். கேட்டவர் அதற்குமேல் கேட்டதில்லை.

இருவருக்கும் இடையே ஒரு வழக்கம் உண்டு. ரம்பத்தைக் கிளையில் வைத்ததும் அவர் "வெட்டலாமா?" என்று குரல் கொடுப்பார். கீழே ஆள் நடமாட்டம் இல்லை, கிளையைக் கட்டிய கயிறு அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி விறைப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவள் "வெட்டுங்க" என்பாள். அந்தப் பதில் வராமல் ஒரு சுள்ளிகூடக் கீழே விழாது.

ஐந்து நாளாக அந்தக் குரல்தான் இல்லை. போன வாரம் தண்ணீர் டம்ளர் அவர் வலது கையிலிருந்து இரண்டு தரம் நழுவியது. டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். டம்ளர் வழுக்கியது, அவ்வளவுதான் என்றார். பிடிவாதத்தில் இருவருமே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை என்னோடு பேச வேண்டாம் என்று அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். ஆனால் ஒத்துக்கொண்ட வேலையை விட முடியுமா? ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டு மாமரத்துக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மரம் வீட்டின் கண்ணாடிக் கூரை போட்ட அறைக்கு மேலே கவிந்திருந்தது. உச்சியை ஒரே மட்டமாக மொட்டையடித்துவிடச் சொன்னார் டீச்சர். அணில் மறுத்துவிட்டார். மொட்டையடித்தால் வெட்டுவாயில் ஒல்லிக் குச்சிகளாகக் கிளம்பும், ஒரு காற்றுக்கு ஒடியும். ஒவ்வொரு கிளையையும் அதிலிருந்து பிரியும் தடித்த பக்கக்கிளைவரை குறைத்தால் மரம் தன் வடிவத்திலேயே சிறுக்கும் என்று பொறுமையாக விளக்கினார். ஊரில் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசுகிறார் என்று கயிற்றக்கா மனத்துக்குள் பொருமினாள்.

குரலுக்குப் பதிலாக அன்றைக்குக் கயிறு பேசியது. அவர் ஒருமுறை சுண்டுவார், அவள் ஒருமுறை இழுப்பாள், கிளை இறங்கும். இப்படியே பதினொரு கிளைகள் இறங்கின. வேலையும் நடந்தது, வீம்பும் குறையவில்லை.

பன்னிரண்டாவதுதான் பெரியது, கண்ணாடிக்கு நேர் மேலே. அவர் சுண்டினார், அவள் இழுத்தாள். அடிப்பக்கம் ஒரு கீறல் போட்டுவிட்டு மேலிருந்து அறுக்கத் தொடங்கினார். பாதியில் ரம்பம் நின்றது. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தாள். அப்போது ரம்பம் அவர் கையை விட்டு விழுந்து, இடுப்புக் கயிற்றில் தொங்கி ஆடியது. இவள் கயிற்றை இழுத்தாள். பதில் இல்லை. மறுபடி இழுத்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

மேலிருந்து அவர் குரல் வந்தது. "வலது கையில உணர்ச்சியே இல்ல."

காற்று எழும்பியிருந்தது. பாதி அறுத்த கிளை முனகியது. அது தானாகப் பிளந்தால் அவர் நிற்கும் பக்கம்தான் திரும்பும். நகரலாம் என்றால், அவரை மரத்தோடு பிணைத்த இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றி மாட்ட இரண்டு கை வேண்டும். கயிற்றைப் போட்டுவிட்டு இவள் ஓடவும் வழியில்லை. வாசலுக்கு வந்த டீச்சர் நிலைமையைப் பார்த்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஏணியோடு வருகிறார்களாம், கால் மணி நேரமாகுமாம். அந்தக் கிளை கால் மணி நேரம் தாங்காது என்பது கயிற்றக்காவுக்குத் தெரியும்.

ரம்பத்தை இடது கையில் எடுக்கச் சொன்னாள். அந்தக் கையால் வெட்டிப் பழக்கமில்லை என்றார்.

"அஞ்சு நாளா பல்லு விளக்குறது, சட்டைப் பட்டன் போடுறது எல்லாம் எந்தக் கைங்க? நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா? எடுங்க."

அவர் எடுத்தார். வலது முழங்கையைத் தண்டில் சுற்றிக்கொண்டு, ரம்பத்தைப் பழைய வெட்டில் தடவித் தடவி வைத்தார்.

"வெட்டலாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வி அவளுக்குக் கனத்தது. தப்பாகப் போனால் அவரைக் கொன்றது தன் வார்த்தையாக இருக்கும் என்று பயந்தாள். கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, காலை வேரில் ஊன்றிக்கொண்டாள்.

"வெட்டுங்க."

இடது கை கோணல்மாணலாக அறுத்தது. திடீரென்று ஒரு முறிவுச் சத்தம். கயிறு அவளை அடிமரத்தோடு இழுத்து மோதியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது, அவள் விடவில்லை. கிளை கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி ஊசலாடி நின்றது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறக்கிய பிறகுதான் மேலே பார்த்தாள். அவர் இருந்தார்.

ஏணி வந்து, இரண்டு பேர் தாங்கி அவரை இறக்கினார்கள். சுவரோரம் உட்கார்த்தி, அவருடைய விரல்களைத் தன் காயம்பட்ட கையால் தேய்த்தபடி அவள் திட்டத் தொடங்கினாள். கை இப்படி இருப்பது மரம் ஏறும்போதே தெரியுமா, தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"காலையில ஷூ மாட்டும்போதே பிடிமானம் வரல. சொல்லத்தான் சமையலறைக்கு வந்தேன். நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன. கேக்காதுன்னு திரும்பிட்டேன்."

அவள் கை நின்றுவிட்டது. அவர் வந்த காலடிச் சத்தம் காலையில் அவளுக்குக் கேட்டிருந்தது. கேட்டதால்தான் குழாயைத் திறந்தாள்.