ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழிலில் எல்லோரும் அவரை ஆஃப்-ஆன்காரர் என்றுதான் சொன்னார்கள். பணக்கார வீடுகளில் டிவி, ஸ்பீக்கர், விளக்கு, திரைச்சீலை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. பெட்டி கைக்கு அடக்கமாக இருக்கும்; வீடே அதன் பேச்சைத்தான் கேட்கும். எது மக்கர் பண்ணினாலும் போனிலேயே, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். மிச்சத்துக்குத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று, கை கால் போயிற்று. வலது கட்டைவிரல் மட்டும் தப்பியது. தம்பி சும்மா இருப்பாரா? அந்த விரலுக்கு அடியில் ஒரு பட்டனை வைத்தார். டிவி திரையில் விளக்கு, ஃபேன், பாட்டு, கதவு, அண்ணி என்று படங்கள் ஒவ்வொன்றாக வரும். வேண்டியது வரும்போது அமுக்கினால் போதும், மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அண்ணன் அதிகம் அமுக்கியது கதவைத்தான். மதியமானால் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே பாட்டு ஓடும். யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக இருப்பார், மனசு வந்தால் திறப்பார்.

"பெரிய ஆபீசர் மாதிரிதான். அவரா திறந்தாத்தான் நமக்கு தரிசனம்" என்று அண்ணி சிரிப்பாள்.

அப்புறம் பெட்டி செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதில்தான் வம்பு. அந்தப் பெட்டி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியிடம் அனுமதி கேட்கும். இனி பதில் சொல்ல அங்கே நாதி இல்லை. ஓடுகிற பெட்டி ஓடும். ஒரு தடவை அணைந்தால் அவ்வளவுதான். தம்பி வேறு கம்பெனிப் பெட்டிகளை வாங்கிவந்து மாரடித்துப் பார்த்தார். எதற்கும் அந்த ஒற்றைப் பட்டன் ஒத்துவரவில்லை. கடைசியில் கரண்ட் போனாலும் பெட்டி அணையாதபடி பேட்டரி வைத்து, பிளக்கைச் சுற்றி டேப்பும் ஒட்டினார்.

"இடியே விழுந்தாலும் இதை மட்டும் அணைச்சிடாதீங்க அண்ணி."

"நான் ஏன் தம்பி அதுல கை வைக்கப் போறேன்?"

அன்று ஒரு பங்களாவில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். அங்கேயும் அதே பெட்டி செத்துக் கிடந்தது. திரைச்சீலைகூடத் திறக்காததால் பட்டப்பகலில் வீட்டு மனுஷர்கள் டார்ச் அடித்து நடந்துகொண்டிருந்தார்கள். "உங்கள நம்பித்தானேய்யா சுவத்துல இருந்த சுவிட்செல்லாம் பிடுங்கினேன்" என்று வீட்டுக்காரர் கீழே நின்று காட்டுக்கத்தல் கத்தினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"படமெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. நகர மாட்டேங்குது."

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணலாமா?"

"பண்ணுங்க, பண்ணுங்க."

போனை வைத்த பிறகுதான் அது அண்ணியின் குரல் என்று உறைத்தது. எப்படி இறங்கினார் என்று தெரியாது, இறங்கிக்கொண்டே திரும்ப அடித்தார்.

"பண்ணிட்டேன் தம்பி" என்றாள் அண்ணி. "ஆனா சிவப்பு லைட்டே எரிஞ்சிட்டு இருக்கு."

பொழுது சாயும்வரை அண்ணன் அறையில் உட்கார்ந்து பெட்டியோடு மல்லுக்கட்டினார். சிவப்பு பச்சையாகவில்லை. அண்ணி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அண்ணனின் விரல் பட்டனை அமுக்கியது. திரை கறுப்பாகக் கிடந்தது. தம்பி கட்டிலோரம் போய் உட்கார்ந்து, திரை கேட்டதையெல்லாம் தானே கேட்டார்.

"லைட்டாண்ணே? ஃபேனா? பாட்டா?"

விரல் அசையவில்லை.

"கதவா?"

அமுக்கியது.

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் யோசனை வந்தது. திறக்க வேண்டுமென்றால் அண்ணன் எப்படிச் சொல்லுவார்? நாமாகத் திறந்தால் அது அண்ணன் திறந்ததாகுமா? கைப்பிடியை விட்டு நகரவும் தோன்றவில்லை, திருப்பவும் கை வரவில்லை.

உள்ளே டக்கென்று பட்டன் சத்தம் கேட்டது. திறக்கச் சொல்கிறாரா, போய்த்தொலை என்கிறாரா? மறுபடியும் டக்கென்றது. தம்பி கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.